உங்கள் கண்ணைச் சோதிப்பவர் யார்? எங்கள் ஆப்டோமெட்ரிஸ்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு குடியிருப்புத் தெருவில் பதினொரு வருடமாகக் கண் பரிசோதனை நிலையம் நடத்திவருகிறோம். ஆப்டோமெட்ரிஸ்டுகள் மூன்று பேர் இருக்கிறோம். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் கண் டாக்டர் ஒருவர் வருகிறார். வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் குறித்துவைப்பது எங்கள் வழக்கம். அதில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முகத்துக்கு இரண்டு சாண் தூரத்தில் உட்கார்ந்து உங்கள் கண்ணுக்குள் வெளிச்சம் அடிக்கிறவர் யார், அவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆப்டோமெட்ரிஸ்ட் என்றால் கண் டாக்டர்தானே?

இல்லை. கண் டாக்டர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் கண் மருத்துவம் படித்தவர். நோய்க்கு மருந்து எழுதுவது, புரை ஆபரேஷன், லேசர் எல்லாம் அவர் வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையை அளப்பவர். கண்ணாடி வேண்டுமா, எவ்வளவு பவர், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா, கண்ணில் நோயின் அடையாளம் ஏதாவது தென்படுகிறதா என்று பார்த்து, சந்தேகம் வந்தால் டாக்டரிடம் அனுப்புவார். ஃபிரேம் காட்டி, லென்ஸைச் செதுக்கி, மூக்கில் சரியாக உட்காரும்படி பொருத்தித் தருகிற ஆப்டிஷியன் இன்னொருவர். அதுவும் லேசான வேலை இல்லை. மூன்று பேரையும் 'டாக்டர்' என்றே கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். எங்களை அப்படிக் கூப்பிட்டால், 'நான் டாக்டர் இல்லைங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

என்ன படித்திருக்கிறீர்கள்?

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு, அதன்பின் பி.ஆப்டம். நான்கு வருடப் படிப்பு, கடைசி ஒரு வருடம் முழுக்க ஆஸ்பத்திரியில் பயிற்சி. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985ல் எலீட் ஆப்டோமெட்ரி கல்லூரியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு வேரூன்ற அது பெரிய காரணம். 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த மருத்துவம் சார்ந்த தொழிலர்களுக்கான சட்டத்தில் ஆப்டோமெட்ரியும் இடம்பெற்றது.

மதுரைக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு இங்கே ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில், பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இரண்டு வருடம் பயிற்சி கொடுக்கிறார்கள். அங்கே உங்களுக்குக் கண் பார்த்தது பெரும்பாலும் அந்தப் பெண்களில் ஒருவராகத்தான் இருக்கும். அவர்களிடம் பட்டம் இல்லை, ஆனால் கை தேர்ந்திருக்கிறது. எங்கள் மூவரில் ஒருவர் அவர்கள் பக்கத்தில் நின்றுதான் தொழில் பழகினார்.

எங்கே போனாலும், 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க, எங்க பழகுனீங்க?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முறையாகப் பழகியவர் சந்தோஷமாகச் சொல்வார்.

மூவரில் யாரிடம் காட்டுவது?

பெரியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் கண் அழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவர்கள் என்னிடம் வருவார்கள். குழந்தைகளையும் மாறுகண்ணையும் பார்ப்பவர் தனி. அவர் அறையில் எழுத்து அட்டைக்குப் பதில் வீடு, ஆப்பிள் படம் போட்ட அட்டைகள் இருக்கும். தரையில் உட்கார்ந்தே பாதிப் பரிசோதனையை முடித்துவிடுவார். மூன்றாமவர் கான்டாக்ட் லென்ஸும், கண்ணாடி போட்டும் போதிய பார்வை இல்லாதவர்களுக்கான உருப்பெருக்கிகளும் பார்க்கிறார். சாதாரணக் கண்ணாடிப் பரிசோதனைக்கு யாரிடமும் உட்காரலாம்.

மெஷினில் தலையை வைத்தாலே பவர் வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு அரை மணி நேரம்?

தாடையை வைத்ததும் நீளமான சாலையின் கோடியில் ஒரு பலூன் தெரியுமே, அந்த மெஷினைச் சொல்கிறீர்கள். நல்ல கருவிதான், எங்களிடமும் இருக்கிறது. ஆனால் அது கொடுக்கும் எண் ஒரு தொடக்கம். பலூன் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும், ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். சின்ன வயதுக்காரர்களின் கண் கிட்டத்தில் பார்ப்பதுபோல உடனே இறுகிக்கொள்ளும். இல்லாத மைனஸ் பவர் சீட்டில் அச்சாகிவிடும். அதை அப்படியே லென்ஸாக மாற்றிக் கொடுத்துவிட்டால், 'கண்ணாடி போட்டதிலிருந்து தலைவலி' என்று பிள்ளை வந்து நிற்கும்.

அதனால் நாங்கள் விளக்கை மங்கலாக்கி, கையில் ரெட்டினோஸ்கோப்பை எடுக்கிறோம். அதிலிருந்து ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று வரும். அதைப் பாப்பாவுக்கு, அதாவது கருவிழி நடுவில் இருக்கும் துளைக்குக் குறுக்கே மெதுவாக அசைப்போம். உள்ளே விழித்திரையில் பட்டுத் திரும்பும் ஒளி தணல்போல ஆரஞ்சு நிறத்தில் தெரியும். நாங்கள் அசைக்கும் பக்கமே அந்தத் தணலும் நகர்ந்தால் பிளஸ் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடினால் மைனஸ். ஒவ்வொரு லென்ஸாக மாற்ற மாற்ற அதன் ஓட்டம் வேகமாகி, ஒரு கட்டத்தில் நகர்வே தெரியாமல் பாப்பா முழுக்க ஒரே சமயத்தில் பளிச்சென்று நிறையும். அங்கே நிறுத்தி, கைத்தூரத்துக்கான கணக்கைக் கழித்தால் பவர். பேசாத குழந்தைக்கும், நினைவு தப்பிய பாட்டிக்கும் இப்படித்தான் பார்க்க முடியும், அவர்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தத் தணல் நிறைகிற நொடி எனக்கு அலுக்கவில்லை.

அதன்பின்தான் எழுத்து அட்டை. டச்சு மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன் 1862ல் உருவாக்கிய முறை அது. 6/6 என்றால், ஆறு மீட்டரில் படிக்க வேண்டிய வரியை ஆறு மீட்டரிலேயே படிக்கிறீர்கள் என்று பொருள். எங்கள் அறை அவ்வளவு நீளம் இல்லை. அதனால் அட்டையை உங்கள் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருக்கிறோம். 'கண்ணாடிக்குள்ள பாருங்க' என்று சொன்னால் குழம்ப வேண்டாம். தமிழ் அட்டையும் இருக்கிறது, எழுத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஆங்கில E எழுத்தின் வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டும் அட்டையும் இருக்கிறது.

'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்கும்போது தப்பாகச் சொல்லிவிட்டால்?

இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. பரீட்சை எழுதுவதுபோல வியர்த்துவிடுகிறார்கள். தப்பான பதில் என்று ஒன்று கிடையாது. அப்போது நாங்கள் சிலிண்டர் பவரின், அதாவது கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாததைச் சரிசெய்யும் பவரின், கோணத்தையும் அளவையும் சரிபார்க்கிறோம். ஒரு சின்ன லென்ஸை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவோம். 'ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது' என்று நீங்கள் சொன்னால், சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்தப் பதிலுக்காகத்தான் அவ்வளவு நேரம் திருப்பிக்கொண்டிருப்போம். சந்தேகமாக இருந்தால் 'இன்னொரு தடவை காட்டுங்க' என்று தாராளமாகக் கேளுங்கள்.

கண்ணாடி கேட்டு வந்தால் என்ன வேலை, எங்கே உட்காருவீர்கள் என்றெல்லாம் ஏன் விசாரிக்கிறீர்கள்?

நோட்டில் அதிகம் வந்த கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மல்லிகைப் பூக் கட்டுகிற ஓர் அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேறொரு இடத்தில் வாங்கிய கிட்டக் கண்ணாடி வைத்திருந்தார். பவர் சரியாகத்தான் இருந்தது. ஆனால், 'இதப் போட்டா கழுத்து வலிக்குதுய்யா' என்றார். பேப்பர் படிக்கச் சொன்னால் தடுமாறாமல் படித்தார். எங்களுக்குத் தப்பு எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில், 'எப்படிக் கட்டுவீங்கன்னு காட்டுங்கக்கா' என்று கேட்டோம். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கூடை முன்னால் இருப்பதாகப் பாவித்து, மடிக்கு மேலே இரண்டு கையையும் கொண்டுவந்து, இல்லாத நாரில் இல்லாத பூவை முடிச்சுப் போட்டார். டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து விரல்வரை அளந்தோம். 50 சென்டிமீட்டர். அவர் போட்டிருந்தது 40 சென்டிமீட்டரில் புத்தகம் படிப்பதற்கான 2.50. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பூவை நோக்கிக் குனிந்துகொண்டே இருந்திருக்கிறார். 2.00 வைத்ததும் முதுகு நிமிர்ந்தது. அரை பவர் குறைத்ததோடு சரி, வேறு எதுவும் செய்யவில்லை.

தெற்காவணி மூல வீதிப் பக்கம் பட்டறையில் வேலை செய்யும் நகை ஆசாரிக்கு இதற்கு நேர்மாறு. நகைத் துண்டுகளைப் பொடி வைத்து ஒட்டும்போது கண்ணுக்கும் கைக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கும். 25 சென்டிமீட்டர் என்றால் 4.00 பவர் தேவை. புத்தகம் படிக்கும் கண்ணாடி அவருக்குப் போதாது. தறியில் இருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், இரண்டு திரை வைத்து வேலை பார்க்கும் ஐ.டி. பிள்ளை, பேப்பர் திருத்தும் டீச்சர் என்று ஒவ்வொருவருக்கும் தூரம் வேறு. ஒரே வயதில் ஒரே கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பேர் வந்தாலும் ஒரே கண்ணாடி சரிப்படாமல் போகலாம். உங்கள் வேலையைக் கேட்காமல் பவர் எழுதித் தருகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார் என்பேன்.

நாற்பது வயதாகிறது. பிளாட்பாரத்தில் ரெடிமேடாக விற்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி போதாதா?

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்து, சிலிண்டரும் இல்லாமல் இருந்தால் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். அதனால் கண் கெட்டுவிடாது. எங்கள் கவலை வேறு. நாற்பதுகளில் வெள்ளெழுத்து வருவது இயற்கை. பெரும்பாலானவர்கள் வாழ்க்கையில் முதல்முதலாகக் கண்ணைக் காட்ட வருவது அதற்காகத்தான். பிளாட்பாரத்தோடு முடித்துக்கொண்டால் அந்த முதல் பரிசோதனையே நடக்காமல் போய்விடுகிறது.

கடைசி வரிவரை படித்துவிட்டேன். பிறகும் ஏன் காற்று ஊதி அழுத்தம் பார்க்கிறீர்கள்?

என் பெரிய மாமாவும் கடைசி வரிவரை படித்தார்.

அவர் டி.வி.எஸ். 50ல் மதுரை முழுக்கச் சுற்றியவர். நான்கு வருடத்தில் மூன்று முறை கண்ணாடி மாற்றினார். மூன்று முறையும் அட்டையைப் படிக்கச் சொன்னார்கள், படித்தார், பவர் கொடுத்தார்கள். அழுத்தத்தை அளக்கவில்லை, கண் நரம்பைப் பார்க்கவில்லை. இதற்கிடையே வீட்டில் சின்னச் சின்னதாக ஏதோ நடந்துகொண்டிருந்தது. நிலைக்கதவில் இடது தோளை இடித்துக்கொள்வார். அத்தை இடப்பக்கம் வைத்த காபி டம்ளர் அடிக்கடி சாயும். வயதாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னோம். ஒருநாள் இடப்பக்கம் வந்த சைக்கிளைப் பார்க்காமல் வண்டியை விட்டார். நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் கண் அழுத்த நோய், பக்கப் பார்வை பெரும்பகுதி போயிருந்தது.

இந்த நோய் வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும், நடுப்பார்வையைக் கடைசியில்தான் தொடும். அதனால்தான் 6/6 வரியைக் கடைசிவரை படிக்க முடிகிறது. போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தால் இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். மாமா இப்போது தினமும் ராத்திரி சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மிச்சமிருக்கும் பார்வையோடு இருக்கிறார். வண்டியை விற்றாயிற்று.

கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். ஆனால் அழுத்தம் சரியாக இருந்தும் இந்த நோய் வருகிறவர்கள் உண்டு. ஆகவே நரம்பையும் சேர்த்துப் பார்க்கிறோம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இருந்தால் உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கேட்காமலே முதலில் சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு எப்போது கண் பார்க்க வேண்டும்? கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமா?

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன், மூன்று நான்கு வயதில் ஒருமுறை கட்டாயம் பாருங்கள். ஒரு கண் நன்றாகத் தெரிந்து இன்னொன்று மங்கலாக இருந்தால் குழந்தை உங்களிடம் வந்து சொல்லாது. உலகமே அப்படித்தான் என்று அது நினைத்துக்கொள்ளும். மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும். இதைச் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால், கண்ணாடியும் நல்ல கண்ணை மறைக்கும் ஒட்டும் கொடுத்துப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அதற்குப் பின் கஷ்டம் கூடுகிறது. வீட்டிலேயே விளையாட்டாக ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள். ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் பிள்ளை சிணுங்கிக் கையைத் தள்ளிவிட்டால், அன்றைக்கே கூட்டிவாருங்கள்.

கண்ணாடியால் பவர் ஏறாது. பிள்ளை வளரும்போது கண் உருண்டையும் நீளும், அதனால்தான் கிட்டப்பார்வை கூடுகிறது. கண்ணாடியைக் கழற்றி வைத்தாலும் அது கூடத்தான் செய்யும். மலேசியாவில் குழந்தைகளிடம் செய்து 2002ல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை கூடுதல் வேகத்தில் ஏறியது. பெண்பிள்ளை என்று சொல்லிக் கண்ணாடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. கரும்பலகை தெரியாமல் அவள் பின்தங்கிப் போவதைப் பார்த்தால் மனது ஆறவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியில் வெளிச்சத்தில் விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட இன்றைக்கு நம் கையில் உள்ள எளிய வழி அதுதான்.

செல்போன் பார்ப்பதற்கு ப்ளூ கட் லென்ஸ் போடலாமா?

திரையிலிருந்து வரும் நீல ஒளியைக் குறைக்கும் லென்ஸ் அது. போட்டால் கெடுதல் இல்லை, ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 17 ஆய்வுகளை ஒன்றாக அலசி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023ல் வெளியிட்ட அறிக்கை, கண் சோர்வு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறக்கிறோம், எரிச்சல் அதனால்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பாருங்கள், நன்றாக இமையுங்கள்.

சர்க்கரை இருக்கிறது. கண்ணாடி மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே ரத்தக்கசிவு தொடங்கியிருக்கலாம். இன்னொரு விஷயம், சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடக்குறைய ஆகும். முந்நூறில் இருக்கும்போது கண்ணாடி செய்தால், கட்டுக்குள் வந்ததும் அது வீணாகிவிடும். 'சில வாரம் கழிச்சு வாங்கய்யா' என்று திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களிடம் வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

திடீரென்று பார்வை போனால், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலவோ திரை இறங்குவதுபோலவோ தெரிந்தால், கூர்மையான பொருளோ பட்டாசோ பட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் பிதுக்கிக் கண்ணில் தெறிக்கவிடுவது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. அப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னாலேயே, அதே இடத்தில் சுத்தமான தண்ணீரை இமையைப் பிரித்து ஊற்றிக்கொண்டே இருங்கள். அரை மணி நேரம் ஊற்றுங்கள். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை ஈரத் துணியால் எடுங்கள். பிறகு கிளம்புங்கள். அந்தத் தண்ணீர்தான் கருவிழியைக் காப்பாற்றும். பாக்கெட்டை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வயலில் நெல்லோ கரும்புத் தோகையோ கண்ணில் அடித்துச் சிவந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தும் வேண்டாம். பூஞ்சை பிடித்துக் கருவிழியில் புண்ணாகலாம், சில சொட்டு மருந்துகள் அதை இன்னும் மோசமாக்கும்.

எவ்வளவு வாங்குகிறீர்கள்? இலவசமாகப் பார்க்கிறார்களே?

பரிசோதனைக்கு 200 ரூபாய், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்குவதில்லை. இலவசம் என்னும் இடங்களைக் குறை சொல்ல மாட்டேன், அங்கேயும் அக்கறையாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எங்கே பார்த்தாலும் பவர் எழுதிய சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் கண்ணின் கணக்கு. எங்களிடம் பார்த்துவிட்டு வேறு கடையில் கண்ணாடி போடுவதில் எங்களுக்கு வருத்தமே இல்லை, கருவிழிகளுக்கு இடையிலான தூரத்தையும் சேர்த்தே எழுதித் தருகிறோம்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழைய கண்ணாடி, உடைந்திருந்தாலும் பரவாயில்லை. பழைய சீட்டு இருந்தால் அதுவும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் டப்பாவையும் எடுத்துவாருங்கள். டாக்டர் வரும் நாட்களில் சொட்டு மருந்து விட நேர்ந்தால் நான்கைந்து மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். டூவீலரில் தனியாக வராமல் யாரையாவது கூட்டிவாருங்கள்.

அப்புறம், கைவேலை செய்பவர்கள் அந்தக் கைவேலையையே கொண்டுவரலாம். தையல் துணி, குரடு, வாழைநாரும் ஒரு முழத்துக்கான பூவும். குழந்தைகள் அறையில் பாய் விரித்திருக்கும், அங்கேயே உட்காரலாம். டேப் எங்களிடம் இருக்கிறது.